வாசற்பூட்டு எவ்வளவு தாங்கும்?



உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள், ரமளான் இரவுகளில் வீட்டோடு தராவீஹுக்குக் கிளம்புகிறவர்கள் என்று பார்த்தால், வருடத்தில் சில நாளாவது ஆளில்லாமல் பூட்டிக் கிடக்காத வீடு நம் ஜமாஅத்தில் அரிது. அத்தா வளைகுடாவில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகளும் நம்மிடம் நிறைய. அந்த வீடுகளுக்குள் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை இருக்கிறது, வீட்டுப் பத்திரமும் பாஸ்போர்ட்டும் இருக்கின்றன. சில வீடுகளில் பிறர் நம்பிக் கொடுத்து வைத்த அமானிதமும் இருக்கிறது. அத்தனைக்கும் முன்னால் நிற்பது ஒரு பூட்டுதான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்ன செய்தி திர்மிதீயில் இருப்பது நமக்குத் தெரியும். இரவில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை அடைக்கச் சொல்லும் ஹதீஸும் உண்டு. கட்டச் சொன்ன பிறகு, கயிறு எத்தனை புரி என்று பார்ப்பது நம் வேலை.

பூட்டுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு நாம் பூட்டு வாங்கும் விதம்தான் வேடிக்கை. கையில் தூக்கிப் பார்க்கிறோம். கனமாக இருந்தால் நல்ல பூட்டு என்று முடிவு செய்கிறோம். கனம் சொல்வது, சுத்தியலால் அடித்தால் தாங்குமா என்பதை மட்டும். கள்ளச்சாவி போட்டால் தாங்குமா, கம்பியை விட்டு நெம்பினால் தாங்குமா என்பதற்கும் கனத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் அமைப்பு. ஆகவே இந்த இதழில் பூட்டின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

மிகப் பழைய, மிக எளிய வகையிலிருந்து தொடங்கலாம். நன்னிமார்களின் தகரப் பெட்டியில் தொங்கும் சின்னப் பூட்டும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தகட்டுப் பூட்டும் பெரும்பாலும் இந்த வகை. உள்ளே அசையும் உறுப்பு எதுவும் காவலுக்கு இல்லை. சாவி போகும் பாதையில் அங்கங்கே தகட்டுத் தடைகளை நிறுத்தியிருப்பார்கள். சாவியில் அந்தத் தடைகளுக்கு ஏற்ற வெட்டு இருந்தால் அது சுற்றும். ஆனால் தடைகளைத் தொடாமல் போகும் அளவுக்கு ஒல்லியாக அராவிய எந்தச் சாவியும் சுற்றும். ஒரே கள்ளச்சாவியால் ஒரு தெருவையே திறக்கலாம் என்று பழைய கதைகளில் வருவது இந்தப் பூட்டுகளைப் பற்றித்தான். பிள்ளைகள் கை வைக்காமலிருக்க இது போதும். வாசலுக்கு ஆகாது.

அடுத்தது லீவர் பூட்டு. திண்டுக்கல்லின் பேரை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது இதுதான். நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி பக்கமெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் சின்னப் பட்டறையிலும் உட்கார்ந்து கையால் வெட்டி, அராவி, பொருத்திச் செய்த மாங்காய்ப் பூட்டுகளும் சதுரப் பூட்டுகளும் கோயில், சிறைச்சாலை, அரசுக் கிடங்கு என்று எங்கெல்லாமோ தொங்கின. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். குறியீடு வந்த சமயத்தில் பட்டறைகளில் பாதி சத்தம் அடங்கியிருந்தது என்பது வேறு விஷயம். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்து வரும் பூட்டு விலையில் முந்திக்கொண்டது.

லீவர் என்பது சிறிய, தட்டையான ஒரு தகடு. ஒரு முனையை ஆணியில் கோத்திருப்பார்கள். ஒரு ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டின் நடுவே ஓர் இடைவெளி வெட்டியிருக்கும். பூட்டின் நாக்கோடு சேர்ந்த கட்டை ஒன்று அந்த இடைவெளிக்குள் நுழைந்தால்தான் நாக்கு பின்னே நகரும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்குகிறது. தூக்கம் குறைந்தாலும் கட்டை இடிக்கும், கூடினாலும் இடிக்கும். சரியான உயரத்தில் எல்லா லீவர்களின் இடைவெளிகளும் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். கூடுதலாகத் தூக்கினாலும் திறக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை 1778இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் பாரன். இன்று நாம் வாங்கும் லீவர் பூட்டு அத்தனையும் அந்த வழியில் வந்தவைதான்.

கடைக்காரர் "பாய், இது ஏழு லீவர்" என்று சொல்லும்போது அதன் பொருள் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு லீவரையும் 5 விதமான உயரங்களில் அமைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். 2 லீவர் உள்ள பூட்டுக்கு மொத்தம் 25 விதச் சாவிதான் இருக்க முடியும். 4 லீவர் என்றால் 625. 6 லீவர் என்றால் 15,625. 7 லீவர் என்றால் 78,125. இருபத்தைந்து சாவியை ஒரு வளையத்தில் கோத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், பதினைந்தாயிரம் சாவியை வண்டியில்தான் ஏற்ற வேண்டும். மலிவான இரண்டு லீவர் பூட்டை ஒரே கடையில் பத்துப் பேர் வாங்கினால், அதில் இருவரின் சாவி ஒன்றாக அமைந்துவிடவும் நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டுச் சாவி நம் பூட்டைத் திறந்தது என்று பலரும் அதிசயமாகச் சொல்வார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் எண்ணிக்கையைக் கேட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். கை தேர்ந்தவன் பதினைந்தாயிரம் சாவியையும் போட்டுப் பார்ப்பதில்லை. எந்தக் கைவேலையிலும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தே தீரும். நாக்கின் மீது லேசாக அழுத்தம் கொடுத்தால் ஆறு லீவரும் ஒரே நேரத்தில் இறுகாது, ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குக் கொண்டுபோனால் பூட்டு ஒரு துளி இடம் கொடுக்கும். பிறகு அடுத்தது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆறு லீவருக்கு, ஒன்றுக்கு ஐந்து உயரம் வீதம் முப்பது முயற்சிதான். பெருக்கல் கணக்கில் நாம் கட்டிய கோட்டையை அவன் கூட்டல் கணக்கில் ஏறிவிடுகிறான். பூட்டுத் திறப்பதன் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். நல்ல பூட்டு என்பது, அவன் இப்படி ஒவ்வொன்றாகத் தீர்க்க முடியாதபடி குழப்புகிற பூட்டு.

எப்படிக் குழப்புவது? ஒரு வழி, வித்தியாசமே இல்லாத அளவுக்கு நுட்பமாகச் செய்வது. உறுப்புகள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகின்றனவோ, அவ்வளவுக்கு வெளியே இருப்பவனின் விரலுக்குச் செய்தி கிடைக்காது. இன்னொரு வழி பொய் வெட்டு. லீவரில் சரியான இடைவெளிக்குப் பக்கத்தில் ஆழமில்லாத வெட்டுகளைப் போட்டு வைப்பார்கள். கட்டை அதில் சிக்கியதும், சரியான உயரம் வந்துவிட்டது என்று திறப்பவன் ஏமாந்து நிற்பான். மூன்றாவது வழி, சாவித் துவாரத்தில் சுழலும் மறைப்பு ஒன்றை வைத்து, இரண்டு கருவியை ஒருசேர உள்ளே விட இடமில்லாமல் செய்வது.

1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் கள்ளச்சாவியால் ஒரு திருட்டு நடந்தது. அதையொட்டி, உரிய சாவி தவிர வேறெதுவும் திறக்க முடியாத பூட்டு வேண்டுமென்று அந்நாட்டு அரசு கேட்டது. 1818இல் ஜெரெமையா சப் என்பவர் செய்து கொடுத்த பூட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. எந்த லீவரையாவது அளவுக்கு மேல் தூக்கினால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதன்பின் உரியவர் சாவி போட்டாலும் உடனே திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும். நம் ஊர் ஆசாரிகளுக்கும் இந்த மாதிரி மூளை உண்டு. சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டு, இரண்டு சாவி சேர்ந்தால் மட்டும் திறக்கும் பூட்டு என்று திண்டுக்கல்லின் தந்திரப் பூட்டுகள் தனிப் புகழ் பெற்றவை. இப்போது சொல்லிச் செய்யச் சொன்னால்தான் கிடைக்கும்.

அந்த சப் பூட்டையும் ஒருவர் திறந்தார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ், பலர் முன்னிலையில் 25 நிமிடத்தில் அதைத் திறந்து காட்டினார். பிறகு பிராமா என்ற கம்பெனியின் பூட்டை எடுத்துக்கொண்டார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அறுபது ஆண்டுகளாகக் கடைக் கண்ணாடியில் வைத்திருந்த பூட்டு அது. 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். திறக்கவே முடியாத பூட்டு இல்லை என்று லண்டன் கலங்கிப்போனது. நம் பார்வையில் அந்த 51 மணி நேரம்தான் பெரிய செய்தி. பேகம்பூர் சந்தில் ஒருவன் ஒரு கதவின் முன் ஐந்து நிமிடம் குனிந்து நின்றாலே எதிர்வீட்டு நன்னிமா "யாரப்பா அது?" என்று கேட்டுவிடுவார். பூட்டு நமக்கு வாங்கித் தர வேண்டியது அந்தச் சில நிமிடங்கள்.

மூன்றாவது, பின் பூட்டு. வாசல் கதவின் நைட் லாட்ச், குளியலறையில் இருக்கும் உருண்டைப் பூட்டு, சின்னப் பித்தளைப் பூட்டு எல்லாம் இந்த வகை. தட்டையான சாவியின் ஒரு ஓரத்தில் மேடு பள்ளமாக வெட்டியிருக்கும். பண்டைய எகிப்தின் மரப்பூட்டில் இருந்த அதே தத்துவத்தை, 1861இல் அமெரிக்காவின் லைனஸ் யேல் சின்ன உலோக உருளைக்குள் அடக்கினார். லீவருக்குப் பதில் சின்னச் சின்ன ஊசிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சாவி போட்டதும் துண்டுகள் பிரியும் இடங்கள் எல்லாம் ஒரு மட்டத்தில் வந்தால் உருளை சுழலும். சாதாரணமாக ஐந்து ஊசி இருக்கும். மலிவானவற்றில் இன்னும் குறைவு. இதையும் ஒவ்வொரு ஊசியாகத் தீர்க்க முடியும், லீவரை விடச் சுலபமாகவே முடியும். ஊசியின் நடுவை நூல்கண்டு மாதிரி ஒடுக்கிச் செய்த நல்ல ரகம் உண்டு. அது நாம் மேலே சொன்ன பொய் வெட்டின் வேலையைச் செய்யும். பூட்டுக்கு மேல் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, விலையில்தான் தெரியும்.

பீரோ, மேஜை டிராயர், தபால் பெட்டி ஆகியவற்றில் இருப்பது இதைவிட எளிய வகை. ஊசிக்குப் பதில் மெல்லிய தகடுகள். இவற்றைக் கை பழகாதவன்கூடத் திறந்துவிடலாம். பீரோவுக்குள் இருக்கும் சின்ன லாக்கரை நம்பிப் பல லட்சம் நகையை வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நகைக்கு வங்கி லாக்கர்தான் இடம்.

கடைகளில் "கம்ப்யூட்டர் சாவி" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. சாவியின் பக்கங்களில் குழி குழியாக இருக்கும். உள்ளே இரண்டு மூன்று வரிசையில் ஊசிகள் இருக்கும். ஊசிகளின் எண்ணிக்கை கூடுவதாலும், தெருவோரத்தில் சட்டென்று மாற்றுச் சாவி வெட்ட முடியாததாலும் இது சாதாரண பின் பூட்டைவிட மேல். இதிலும் மலிவான போலி ரகம் வந்துவிட்டது. குழிகளெல்லாம் ஒரே ஆழமாக இருந்தால் வாங்காதீர்கள். பின்லாந்தில் 1907இல் எமில் ஹென்ரிக்சன் உருவாக்கிய வட்டத்தகட்டுப் பூட்டு இன்னொரு குடும்பம். ஸ்பிரிங்கே இல்லாமல் தகடுகள் தனித்தனியாகச் சுழலும். நல்ல நுட்பத்தோடு செய்தால், கருவி விட்டுத் திறக்க மிகச் சிரமமான பூட்டுகளில் அது ஒன்று. விரல் ரேகை, செல்போன் பூட்டுகள் பலவற்றில் அவசரத்துக்கென்று ஒரு சாவித் துவாரமும் வைத்திருப்பார்கள். அந்தத் துவாரம் என்ன வகையோ, அதுதான் முழுப் பூட்டின் தரம்.

உம்ரா பெட்டியில் இருக்கும் எண் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று சக்கரம் என்றால் மொத்தம் 1,000 எண்கள். மூன்று வினாடிக்கு ஒன்று வீதம் வரிசையாகத் திருப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த வகைப் பூட்டுக்கு முன்னோடிகளில் ஒருவர் நம்மவர். 1206இல் எழுதிய இயந்திர நூலில் அல்ஜஸரீ, நான்கு சக்கரம் வைத்த பூட்டு ஒன்றை வரைந்து விளக்கியிருக்கிறார். எண்ணூறு ஆண்டுக்கு முன் நான்கு, இன்று நம் பெட்டியில் மூன்று!

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். வீடு புகும் திருடர்களில் நுட்பமாகப் பூட்டைத் திறப்பவர் குறைவு. பெரும்பாலானவன் கடப்பாரையைக் கொண்டுவந்து, பூட்டைத் தொடாமல் கொண்டியைப் பெயர்க்கிறான். ஏழு லீவர் மாங்காய்ப் பூட்டைச் சின்ன இரண்டு ஸ்குரூவில் நிற்கும் நாதாங்கியில் தொங்கவிட்டால், அந்த ஸ்குரூவின் பலம்தான் வாசலின் பலம். கொண்டியை மூடிய பிறகு ஸ்குரூ தலை எதுவும் வெளியே தெரியக் கூடாது. நிலையைத் துளைத்து உள்பக்கம் நட்டு முடுக்கிய கொண்டியாக இருக்க வேண்டும். பூட்டின் வளையத்துக்கும் கொண்டிக்கும் நடுவே கம்பி நுழையும் அளவு இடமிருக்கக் கூடாது. அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ரகத்தை விட, சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டும் ரகம் நல்லது. முதல் ரகத்தில் மலிவானவற்றை மெல்லிய தகடு ஒன்றே தளர்த்திவிடும்.

வெளியே தொங்கும் பூட்டுக்கு இன்னொரு குறை உண்டு. வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே அது அறிவித்துக்கொண்டிருக்கும். கதவின் கனத்துக்குள் புதைக்கும் லீவர் பூட்டு அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. எங்கள் கருத்தில், நம் வீடுகளின் முதல் வாசலுக்கு ஏற்றது இதுதான்: ஆறு அல்லது ஏழு லீவர் உள்ள புதைபூட்டு, அதன் நாக்கு நிலைச்சட்டத்துக்குள் ஆழமாகப் போக வேண்டும், கூடவே உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள். மாடிக் கதவையும் பின்வாசலையும் மறந்துவிட்டு முன்வாசலுக்கு மட்டும் செலவழிப்பதில் பயனில்லை.

திண்டுக்கல் பூட்டு வாங்குகிறீர்களா? வாங்குங்கள், பட்டறைக்கே போய் வாங்குங்கள். லீவர் எத்தனை என்று கேளுங்கள், முடிந்தால் மூடாத பூட்டைக் காட்டச் சொல்லுங்கள். சாவியின் பற்களைப் பாருங்கள். ஏற்ற இறக்கம் நன்றாக இருக்க வேண்டும், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரமென்றால் வேண்டாம். சாவியை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் அராவியவர் அவசரப்பட்டிருக்கிறார். கைவேலைக்கு ஒரு நன்மை, ஒரு பலவீனம் இரண்டும் உண்டு. நிதானமாகச் செய்தவரிடம் வாங்கினால் நன்மை நமக்கு. நாலு காசு கூடக் கொடுத்தால் அது ஒரு தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறது.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்கள் கைக்கு வந்தது. அதை அவர்கள் முன்பு வைத்திருந்த உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பது பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விளக்கும் விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியைச் சொல்வார்கள். இன்றும் அந்தச் சாவி பனூ ஷைபா குடும்பத்திடம் இருக்கிறது. சாவியும் அமானிதம்தான். குடியிருந்தவர் காலி செய்து போனால், சாவியைத் திருப்பிக் கொடுத்தாலும் பூட்டை மாற்றுங்கள். அது அவரைச் சந்தேகிப்பதாகாது, பின்னால் ஏதாவது நடந்தால் அவர் மீது சந்தேகம் வராமல் காப்பதாகும். மாற்றுச் சாவி வெட்டும்போது கூடவே நின்று எண்ணி வாங்குங்கள். பூந்தொட்டிக்கு அடியிலும் மீட்டர் பெட்டி மேலும் சாவி வைக்கும் பழக்கம் வேண்டாம். புதுவீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள், பல் தெளிவாகத் தெரியும் படத்தைப் பார்த்தே சாவி வெட்டிவிட முடியும்.

பள்ளிவாசல் உண்டியலுக்குப் பல ஜமாஅத்துகளில் இரண்டு மூன்று பூட்டுப் போட்டு, முத்தவல்லி, செயலாளர், பொருளாளர் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்வார்கள். கூட்டுக் குடும்பத்தில் பொது நகை இருக்கும் பெட்டிக்கும் இதைச் செய்யலாம். மனக்கசப்பு வர இடமிருக்காது.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைப் பிடித்து இறுகிவிடும், லீவர் கீழே இறங்காமல் நின்றுபோகும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவி நாலைந்து தடவை திருப்பினால் போதும். பல நாள் வெளியூர் போவதானால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தனியாக இருக்கும் முதியவர்கள், கணவரை இழந்த சகோதரிகள் ஆகியோரின் வீடுகளில் கொண்டி, தாழ்ப்பாள், பூட்டு மாற்ற வேண்டியிருந்து வசதியில்லை என்றால், மஃரிபுக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். ஆள் அனுப்பிப் பார்த்துச் செய்து தருகிறோம், இன்ஷா அல்லாஹ். சாவிகள் அனைத்தையும் வேலை முடிந்த அந்த இடத்திலேயே எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.